அரை லிட்டர் குழாய்த் தண்ணீர்

பிப்ரவரி 24

தம்பிக்கு,

என் ஹாம் ரேடியோ ஆம்ப்ளிஃபையரைக் கொன்றது நீ. ஜனவரியில் இரண்டு நாள் இங்கே வந்து தங்கியபோது, நான் குளிக்கப் போன நேரத்தில், அதன் தொட்டியில் அரை லிட்டர் குழாய்த் தண்ணீரை ஊற்றினாய். அந்தத் தண்ணீர் ரேடியேட்டரைத் தின்று ஓட்டை போட்டு, கீழ்வீட்டுக் கூரை வழியாக இறங்கி, அவர்கள் கட்டில் மெத்தையை நனைத்துவிட்டது. இங்கே டிரான்சிஸ்டர் சூடேறிக் கருகிவிட்டது.

நலம் விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வருவதுதான் முறை. விஷயம் முந்திக்கொண்டது. நான் நலம். என் இடுப்பு மட்டும் நலமில்லை. நீயும் உன் வீட்டுக்காரியும் நலமா?

ஊற்றியதை நீ என்னிடம் சொல்லவில்லை. நேற்று மகள்தான் சொன்னாள். "சித்தப்பா பாவம்ப்பா. தொட்டியில தண்ணி குறைஞ்சிருக்குன்னு ரெண்டு டம்ளர் ஊத்துனாரு. நல்லதுக்குத்தானே செஞ்சாரு." உலகத்தில் நல்லதுக்குச் செய்தவர்கள் உடைத்த அளவுக்குக் கெட்டதுக்குச் செய்தவர்கள் உடைத்ததில்லை. அந்தப் பெட்டிக்குப் பேட்டரி தண்ணீர் மட்டும்தான் ஊற்ற வேண்டும். உப்பில்லாத தண்ணீர். கேன் மேஜைக்கடியிலேயே இருந்தது. குனிய உனக்கு வலித்ததா?

இந்தத் தண்ணீர் ஏற்பாட்டை நான் ஆசைக்குச் செய்யவில்லை. ஆயிரம் வாட்டில் சிக்னல் அனுப்பும் பெட்டி இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதிக்கும். முதலில் இரண்டு விசிறி வைத்திருந்தேன். கீழ்வீட்டுப் பல் டாக்டர் ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தூக்கம் கெடுகிறது என்று குடியிருப்போர் சங்கத்தில் எழுதிக் கொடுத்தார். வாரம் ஆறு நாள் ஊரார் பல்லை ராவுகிறவருக்கு என் விசிறிச் சத்தம் ஆகவில்லை. அதனால்தான் டிரான்சிஸ்டருக்கு அடியில் செம்புத் தட்டு வைத்து, தட்டுக்குள் வாய்க்கால் துளைத்து, மீன்தொட்டிப் பம்ப்பால் தண்ணீரை ஓடவிட்டேன். சூட்டைத் தண்ணீர் தூக்கிக்கொண்டு போய் ஜன்னலோரம் இருக்கும் கார் ரேடியேட்டரில் இறக்கிவிடும். காதை ஒட்டிவைத்தால்தான் ஓடுவதே தெரியும். புத்தகம் பார்த்து நானே செய்தேன். ஐம்பது வருடம் தையல் மிஷின் ரிப்பேர் பார்த்த கை. யாரும் சொல்லித் தரவில்லை.

இப்போது சங்கச் செயலாளர் நோட்டீஸ் கொடுத்திருக்கிறார். ஜூன் முப்பதுக்குள் சத்தமும் ஒழுக்கும் இல்லாமல் ஓட்டிக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் மொட்டை மாடியில் இருக்கும் ஏரியலை இறக்கிவிடுவார்கள். லிஃப்ட் ஐந்தாம் மாடியோடு நின்றுவிடுவது உனக்குத் தெரியும். இந்த ஆறாவது மாடியைப் பிற்பாடு கட்டினார்கள். நடுவில் இருபத்திரண்டு படி. நான் அதில் இறங்கிப் பதினான்கு மாதம் ஆகிறது. டெலிபோனில் யார் பேசினாலும் எனக்கு வாயில் பஞ்சு வைத்துப் பேசுகிற மாதிரிதான் கேட்கிறது. மோர்ஸ் ஒலி மட்டும்தான் தெளிவாக விழுகிறது. இந்த அறையிலிருந்து வெளியே போக எனக்கு இருப்பது மாடியில் தொங்கும் அந்த ஒரு கம்பி.

பத்து நாளில் பதில் வேண்டும்.

அண்ணன்


மார்ச் 13

அண்ணனுக்கு வணக்கம்.

இருவரும் சுகம். பதில் தாமதமாகிவிட்டது, மன்னிக்க வேண்டும். டிப்போவில் புதிய கால அட்டவணை போட்டிருக்கிறார்கள். டைம் கீப்பர் மேஜையில் நான் ஒருவன்தான். பஸ் தாமதமாக வந்தாலும் என்னைத்தான் திட்டுகிறார்கள், சரியாக வந்தாலும் என்னைத்தான் திட்டுகிறார்கள்.

தண்ணீர் ஊற்றியது நான்தான். தவறுதான். பெட்டியைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. நீங்கள் எவ்வளவு பாடுபட்டுச் செய்திருக்கிறீர்கள் என்று பார்த்தபோது நானும் ஏதாவது செய்ய வேண்டும் போல இருந்தது. அவ்வளவுதான்.

இடுப்புக்கு வேறு டாக்டரைப் பார்த்தீர்களா? இங்கே என் மேலதிகாரியின் அம்மா வாக்கரை வைத்துக்கொண்டு படி இறங்குகிறாராம். மகளையும் மாப்பிள்ளையையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

தம்பி


மார்ச் 19

தம்பிக்கு,

எல்லாரும் நலம். உன் மேலதிகாரியின் அம்மா நீடு வாழ்க.

நான்கு பக்கம் எழுதினேன். நீ ஒரு பக்கம் எழுதினாய். அந்த ஒரு பக்கத்திலும் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. பெட்டி போனதிலிருந்து ஞாயிறுகளில் உன்னைக் கூப்பிட முடியாமல் போயிற்றே, அதைப் பற்றி ஒரு வரி உண்டா? முப்பத்தொரு வருடமாக ஞாயிறு காலை ஏழு மணி ஐந்து நிமிடத்துக்கு நான் அழைப்பேன், நீ பதில் தருவாய். உன் கல்யாணத்துக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கும் பதில் தந்தாய்.

இருபத்தெட்டு வருடம் நூறு வாட்டில் உனக்குக் கணீரென்று கேட்டது. மூன்று வருடத்துக்கு முன்னால், "அண்ணா, சிக்னல் மங்குது" என்று அனுப்பினாய். அடுத்த மாதம் இன்னும் மங்கல் என்றாய். நான் ஐந்நூறு வாட்டுக்குப் பெட்டி செய்தேன். அப்புறம் உன் பதிலே நின்றுபோயிற்று. ஆயிரம் வாட்டுக்குப் பெட்டி செய்தேன். இரண்டு வருடத்தில் நூறு ஞாயிறுக்கு மேல் அழைத்திருக்கிறேன். ஜனவரியில் உன்னிடம் நேரிலேயே கேட்டேன். "ஒண்ணுமே விழலண்ணா. வெறும் கரகரப்புதான்" என்று சொன்னாய்.

இதில் வேடிக்கை என்னவென்றால், முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் கேட்கிறது. ஒரு கப்பல் சமையல்காரர், உன் ஊருக்கு அறுபது கிலோமீட்டரில் இருக்கும் ஒரு கணக்கு வாத்தியார், எல்லாரும் காது அடைக்கிறது, கொஞ்சம் குறையுங்கள் என்கிறார்கள். நான் உன்னைத்தான் அழைக்கிறேன், நடுவில் வராதீர்கள் என்று சொல்லிவிடுவேன். ஆகவே கோளாறு உன் பக்கம்தான். உன் ஏரியல் இணைப்பு துருப்பிடித்திருக்கும். கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய். கேபிளுக்குள் மழைத் தண்ணீர் இறங்கியிருக்கிறதா பார். பார்த்து எழுது. நான் என் பக்கத்தில் ஆயிரத்து ஐந்நூறுக்கு வழி பார்க்கிறேன்.

அண்ணன்


ஏப்ரல் 22

அண்ணனுக்கு வணக்கம்.

சுகம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

ஏரியலைப் பார்க்க நேரம் அமையவில்லை.

அண்ணா, ஒன்று சொல்கிறேன், கோபப்படக்கூடாது. ஆயிரத்து ஐந்நூறு வேண்டாம். ஆயிரமும் எதற்கு? அந்தப் பெட்டி இல்லாவிட்டால்தான் என்ன? பல் டாக்டரோடு சண்டை, செயலாளரோடு சண்டை, பாவம், நடுவில் உங்கள் மகள். அந்தக் கணக்கு வாத்தியாரோடு நீங்கள் பேசினால் என்ன? நல்ல மனிதராகத் தெரிகிறார்.

தம்பி


ஏப்ரல் 28

தம்பிக்கு,

நலமாக இருக்கிறேன். கோபப்பட்டிருக்கிறேன்.

கணக்கு வாத்தியார் எனக்குத் தம்பியா?

பெட்டி இல்லாவிட்டால் என்ன என்று கேட்கிறாய். சொல்கிறேன். காலையில் எழுந்து ஜன்னல் வரை ஒன்பது அடி வைத்துப் போவேன். எதிரே இன்னொரு கட்டடத்தின் பின்பக்கம். கழிவுக் குழாய் பதினேழு. அதில் நான்காவது ஒழுகுகிறது. திரும்பி ஒன்பது அடி. மகள் வேலைக்குப் போகும்போது, "அப்பா, கேஸைத் தொடாதீங்க, கதவைத் தொடாதீங்க, பால்கனி வாசப்படி வழுக்கும்" என்பாள். தொடாமல் இருப்பதுதான் இப்போது என் உத்தியோகம். வாரத்தில் ஒரு கால் மணி நேரம் நான் இந்த வீட்டில் இல்லை. அந்தக் கால் மணியைத்தான் நீ வேண்டாம் என்கிறாய்.

போன சனிக்கிழமை ரேடியோ கிளப்பிலிருந்து ரேடியேட்டர் மெக்கானிக் வந்திருந்தார். கார் ரேடியேட்டருக்குப் பற்றுவைப்பதே அவர் தொழில். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஐயா, தட்டு செம்பு. ரேடியேட்டர் அலுமினியம். ரெண்டையும் ஒரே தண்ணியில விட்டிருக்கீங்களே."

"அதனால என்ன?"

"ஒரே வீட்ல ரெண்டு சம்பந்தியையும் குடிவெச்ச மாதிரி. வெளிய சத்தமே கேக்காது. உள்ளுக்குள்ள ஒண்ணு இன்னொண்ணத் தின்னுடும். செம்பு இருந்தா அலுமினியம் கரைஞ்சுதான் போகும்."

"அது பேட்டரி தண்ணி. அதுல உப்பே கிடையாது. என் தம்பி குழாய்த் தண்ணி ஊத்துனதாலதான் கரைஞ்சுது."

"உங்க தம்பி என்ன ஊத்துனாலும் ஊத்தாட்டியும் இது போகத்தான் போகும். செம்பு ரேடியேட்டராப் போடுங்க, நான் ஒண்ணு தேடித் தரேன்."

ஒரு சம்பந்திக் கதையை வைத்துக்கொண்டு என் பெட்டியைக் குறை சொல்கிறார். நானும் பரீட்சை செய்துதான் நம்புவேன். ஜன்னலில் இரண்டு ஊறுகாய் ஜாடி வைத்திருக்கிறேன். இரண்டிலும் செம்புத் துண்டு ஒன்று, அலுமினியத் துண்டு ஒன்று, நடுவில் கம்பி கட்டி. ஒன்றில் பேட்டரி தண்ணீர் மட்டும். மற்றதில் உன் கலப்படம். தினமும் காலையில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறேன். உன் குற்றம் நிரூபணமாகும்.

ஏரியல் இணைப்பைத் தேய்த்தாயா?

அண்ணன்


மே 27

அத்தானுக்கு நமஸ்காரம்.

நாங்கள் நலம். நீங்கள் வேளாவேளைக்கு மாத்திரை போடுகிறீர்களா? உங்கள் தம்பி பதில் எழுத உட்கார்ந்து மூன்று தாள் கிழித்துவிட்டார். டிப்போ வேலை அப்படி. அதனால் நான் எழுதுகிறேன்.

அந்தத் தண்ணீர் விஷயத்துக்காக அவர் மேல் வருத்தம் வைக்காதீர்கள். ஊற்றிவிட்டு வந்ததிலிருந்து அவருக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை.

எனக்கும் உங்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைக் காலையை எங்களுக்கு விட்டுக்கொடுத்தீர்களே, அதற்கு நன்றி சொல்லவே இல்லை. "அண்ணன்கிட்டப் பேசிட்டேன், இனிமே கூப்பிடமாட்டாரு" என்று அவர் வந்து சொன்னபோது எனக்கு நம்பவே முடியவில்லை. கல்யாணமாகி இருபத்தொன்பது வருடத்தில் ஞாயிறு காலை என்றால் கதவைச் சாத்திய அறையும், உள்ளே டிக் டிக் சத்தமும்தான். இப்போது இரண்டு வருடமாக நாங்கள் இருவரும் ஏரிக்கரையைச் சுற்றி நடக்கிறோம். அவருக்குச் சர்க்கரையும் குறைந்திருக்கிறது. ரேடியோப் பெட்டியைப் பத்திரமாகத் துணி சுற்றிப் பரணில் வைத்திருக்கிறேன். அந்த மேஜையில் இப்போது என் தையல் மிஷின். நீங்கள் கல்யாணத்துக்குச் சரிபார்த்துக் கொடுத்த அதே மிஷின்தான். இன்னும் ஒரு தையல் தவறவில்லை.

ஆனால் எனக்கு ஒன்று புரியவில்லை. இப்போது யாரோடு பேச அவ்வளவு பெரிய பெட்டி செய்தீர்கள்? கேட்டால் இவர் எழுந்து போய்விடுகிறார்.

உங்கள் தம்பி மனைவி


ஜூன் 2

தம்பிக்கு,

உன் வீட்டுக்காரி கடிதம் வந்தது. அவளுக்குப் பதில் எழுதவில்லை. அவள் பேரில் பிழை இல்லை.

உன்னிடம் ஒரே கேள்வி. சிக்னல் மங்குகிறது என்று மூன்று வருடத்துக்கு முன்னால் சொன்னாயே, அது மங்கியதா?

அண்ணன்


ஜூன் 26

அண்ணனுக்கு வணக்கம்.

சுகம் கேட்க எனக்கு முகம் இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

மங்கவில்லை.

பக்கத்து அறையில் இருந்து பேசுகிற மாதிரி கேட்டது. வாரத்தில் ஆறு நாள் டிப்போ கடிகாரம். ஏழாவது நாள் உங்கள் கடிகாரம். எனக்கு ஐம்பத்தேழு வயதாகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட நான் பாட்டுக்குக் கண் விழித்ததில்லை. ஒருமுறை காய்ச்சலில் வரவில்லை. அதற்குப் பதிலாகப் புதன்கிழமை வரச் சொன்னீர்கள். மாமனார் செத்த அன்றைக்கு, "சரி, பத்து நிமிஷம் போதும்" என்று சொன்னீர்கள். உங்களிடம் வேண்டாம் என்று சொல்லிப் பழக்கமில்லை. அப்பா போன பிறகு நீங்கள்தான் என்னைப் படிக்கவைத்தீர்கள். எந்த வாயால் சொல்வேன்? அதனால் மெதுவாகக் குறைத்தால் நீங்களே விட்டுவிடுவீர்கள் என்று நினைத்தேன். மங்கல் என்றேன். நீங்கள் ஐந்நூறு வாட் செய்தீர்கள். பதிலை நிறுத்தினேன். நீங்கள் ஆயிரம் வாட் செய்தீர்கள். ஒவ்வொரு பொய்க்கும் நீங்கள் ஒரு பெட்டி செய்துகொண்டே போனீர்கள். பொய்யை நிறுத்தும் இடமே எனக்குக் கிடைக்கவில்லை.

வீட்டில் அவளிடமும் பொய். உங்களிடம் பேசிவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஞாயிறு ஏழு ஐந்து ஆனால் ஏரிக்கரையில் என் கால் தானாக நின்றுவிடும். "என்னாச்சு, மூச்சு வாங்குதா?" என்று கேட்பாள். ஆமாம் என்று சொல்வேன்.

ஜனவரியில் வந்தது உங்களிடம் சொல்லத்தான். அந்தப் பெட்டியைப் பார்த்தேன். செம்புத் தட்டில் எத்தனை துளை, எத்தனை சின்னச் சின்னத் திருகு. எனக்காகச் செய்தது. தொட்டியில் தண்ணீர் குறைந்திருந்தது. ஊற்றினேன்.

முப்பதாம் தேதி என்ன ஆகிறது என்று எழுதுங்கள். இறக்கிவிட்டார்களா?

தம்பி


ஜூலை 14

தம்பிக்கு,

நலம். உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் எனக்குப் பிடிக்கவில்லை.

முதலில் ஜாடிகளின் முடிவு. உன் கலப்படம் இருந்த ஜாடியில் பதினோராம் நாள் அலுமினியம் வெளுத்துக் குழி விழுந்தது. சுத்தத் தண்ணீர் ஜாடியிலும் விழுந்தது, இருபத்தாறாம் நாள். ஆகவே தண்ணீர் விஷயத்தில் உன் குற்றம் பதினைந்து நாள். மிச்சத்தை உன் பேரில் எழுத முடியாது. வேறு யார் பேரில் எழுதுவது என்று நான் தேடவில்லை.

ஏரியலை இறக்கவில்லை. மெக்கானிக் தேடிக் கொடுத்த செம்பு ரேடியேட்டரைப் பொருத்தி, கைவசம் மிச்சமிருந்த இன்னொரு டிரான்சிஸ்டரை வைத்து, இருபத்தொன்பதாம் தேதி ஓட்டிக் காட்டினேன். செயலாளர் தரையில் குப்புறப் படுத்து ஒழுக்கு பார்த்தார். பல் டாக்டர் தன் வீட்டில் ஸ்டூலில் ஏறிக் கூரையில் காதை வைத்துக்கொண்டு நின்றாராம். என் மாப்பிள்ளை கீழேயிருந்து கத்தினான்: "மாமா, போட்டுட்டீங்களா?" "போட்டுப் பத்து நிமிஷம் ஆச்சுடா!" பல் டாக்டருக்கு முகம் தொங்கிவிட்டதாம். புகார் எழுத எடுத்துவைத்த தாளைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டாராம்.

பெட்டி ஓடுகிறது. ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை. ஆயிரம் வாட்டுக்கும் தட்டு கை பொறுக்கும் சூட்டில் நிற்கிறது. நான் ஜெயித்துவிட்டேன். எல்லாரும் போன பிறகு பம்ப்பை நிறுத்தாமல் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அழைக்க ஆள் இல்லை.

அடுத்த ஞாயிறு பெட்டியை அணைத்துவிட்டு, பழைய நூறு வாட்டில் கணக்கு வாத்தியாரை அழைத்தேன். கணீரென்று கேட்கிறதாம். "இத்தனை நாள் ஏன் கத்தினீர்கள்?" என்று கேட்டார். செவிட்டுத் தம்பி ஒருவன் இருந்தான் என்று சொன்னேன்.

நீ என்னிடம் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். நான் கேட்டிருக்கமாட்டேன். அது வேறு. நீ சொல்லியிருக்க வேண்டும். இரண்டு வருடம் ஒரு மனிதனைச் சுவரைப் பார்த்துப் பேசவிட்டது தவறு. உன்னைப் படிக்கவைத்ததை நீ இதில் இழுத்தது அதைவிடத் தவறு. அதை நான் எந்த நாளும் சொல்லிக் காட்டியதில்லை. இதை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும்போது எழுதுகிறேன்.

இனி ஆக வேண்டியவை:

பல் டாக்டரின் கூரைக் கறைக்கு வெள்ளை அடிக்க வேண்டியது என் மாப்பிள்ளை. அவன் ஒப்புக்கொண்டுவிட்டான், இன்னும் அவனுக்குத் தெரியாது.

ரேடியேட்டர் மெக்கானிக்கிடம் அவர் சொன்னது சரிதான் என்று சொல்ல வேண்டியது என் மகள். என் வாயிலிருந்து வராது.

உன் வீட்டுக்காரியிடம் உண்மையைச் சொல்ல வேண்டியது நீ. இந்தக் கடிதத்தை அவள் படிப்பதற்கு முன்னால்.

அவள் மிஷினுக்கு மாதம் ஒருமுறை அடியில் இரண்டு சொட்டு எண்ணெய் விட வேண்டியது அவளேதான். உன்னை அதன் பக்கம் விடக்கூடாது. எதையாவது ஊற்றுவாய்.

ஞாயிறு ஏழு ஐந்துக்கு உன்னை அழைக்க வேண்டியது யாரும் இல்லை. அந்த வேலை முடிந்தது. ஏரிக்கரையில் நிற்காமல் நட.

ஆயிரம் வாட் பெட்டியைக் கிளப்புக்குக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டேன். அவர்களுக்குப் பயன்படும், எனக்குத் தேவை இல்லை. முப்பத்துநாலு கிலோ. தண்ணீரை வடித்துத் தருவது நான். மாப்பிள்ளைக்கு முதுகு சரியில்லை. இருபத்திரண்டு படி இறக்கி லிஃப்ட்டில் ஏற்ற வேண்டியது நீ. உனக்காகச் செய்த பெட்டி, நீதான் தூக்க வேண்டும்.

அதற்கு எந்தக் கிழமை வருவது என்று முடிவு செய்ய வேண்டியதும் நீ. நான் சொல்லமாட்டேன்.

அண்ணன்